செம்மண் பாதையில் ஒரு கரவன்

(சபை ஆண்டு விழா ஐக்கிய விருந்தின்போது பகிர்ந்த உரையின் எழுத்து வடிவம்)



விடுமுறைப் பயணம் ஒன்றைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசும்படி விழாக்குழுவினர் கேட்டார்கள். சென்ற யூலை மாதப் பாடசாலை விடுமுறையில் நாங்கள் அடிலெயிட்டிலிருந்து அலிஸ் ஸ்பிறிங்ஸ் வரை கரவன் ஒன்றை இழுத்துக்கொண்டு போய் வந்த கதையைத்தான் சொல்லப்போகிறேன். நான் அவசரக்காரன் என்பது உங்களுக்குத் தெரியும். ஆராதனை முடிந்ததும் முதலில் கார் எடுப்பவன் நான்தான். அதனால் வீட்டில் ஒரு சட்டம் போட்டார்கள்: ஒரு நாளைக்கு 400 கிலோமீற்றருக்கு மேல் ஓடக்கூடாது, பின்னேரம் நாலு மணிக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். இந்தச் சட்டத்தை எழுதி வாகனத்தின் முன்கண்ணாடியில் ஒட்டியவள் என் மூத்த மகள்.

அம்மா முதலில் வரமாட்டேன் என்றுதான் நின்றா. "வீட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு போறது எனக்கு ஒருக்காப் போதும், தம்பி" என்று சொன்னா. பெரியவர்களுக்கு அது விளங்கும். பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் வலிகாமத்துச் சனங்கள் எல்லோரும் ஒரே இரவில் வீடுகளை விட்டுத் தென்மராட்சிப் பக்கம் நடக்கவேண்டி வந்தது. நாங்கள் மானிப்பாயிலிருந்து வெளிக்கிட்டோம். எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் வீடு அன்று ஒரு சைக்கிளின் பின் கரியரில் இருந்தது. அம்மாவை இந்தப் பயணத்துக்குச் சம்மதிக்க வைத்தது என் சின்ன மகன். "அப்பம்மா, இந்த வீட்டுக்குள்ள அடுப்பும் கட்டிலும் இருக்கு" என்றான். அடுப்பு என்றதும் அம்மா எழும்பி வந்து பார்த்தா.

கரவன் இழுப்பது சும்மா கார் ஓட்டுவது போலல்ல. பாரத்தை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பாரமான சாமான்கள் கீழேயும் சில்லுகளுக்கு நேர் மேலேயும் இருக்கவேண்டும். கொழுவியின் குண்டில் இறங்கும் பாரம் கரவனின் மொத்த நிறையில் பத்தில் ஒரு பங்களவு இருப்பது நல்லது என்பார்கள். பின்பக்கம் பாரம் கூடினால் வேகம் எடுக்கும்போது கரவன் நாயின் வால் ஆடுவது போல ஆடத் தொடங்கும். போட் ஒகஸ்ராவுக்கு முன்பே எங்களுக்கு அது நடந்தது. நிறுத்திப் பார்த்தால், கடைசி அலுமாரிக்குள் அம்மா யாருக்கும் சொல்லாமல் வைத்த 25 கிலோ அரிசி மூட்டை! அதை முன்னுக்குக் கொண்டுவந்த பிறகு ஆட்டம் நின்றது. அன்றிரவு கரவனைப் பின்பக்கமாக எடுத்து அதன் இடத்தில் நிறுத்தியதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. ஸ்ரியறிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது மற்றப் பக்கம் போகும். கதிரை போட்டுத் தேநீரோடு வேடிக்கை பார்க்கும் ஓய்வுபெற்ற தம்பதிகள் எல்லாக் கரவன் பூங்காவிலும் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு பெரியவர் கடைசியில் எழும்பி வந்து கை காட்டித் தந்தார்.

போட் ஒகஸ்ராவில்தான் ஸ்ருவட் நெடுஞ்சாலை ஆரம்பமாகிறது. டார்வின் வரை ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர். 1862இல் தெற்கிலிருந்து வடகடல் வரை இந்தக் கண்டத்தைக் கடந்து திரும்பிய ஜோன் மக்டவல் ஸ்ருவட்டின் பெயர் அதற்கு. அவர் மாதக்கணக்கில் குதிரையில் போன வழியை நாங்கள் குளிரூட்டியோடு போனோம். ஆனாலும் கிளென்டம்போ என்ற சின்ன இடத்தைத் தாண்டினால் கூபர் பீடி வரை சுமார் 250 கிலோமீற்றருக்கு எரிபொருள் இல்லை, கடை இல்லை, வீடும் இல்லை. வெறும் காராக ஓடும்போது 100 கிலோமீற்றருக்குப் பத்து லீற்றர் குடித்த எங்கள் வாகனம் கரவனை இழுக்கும்போது பதினேழு லீற்றர் குடித்தது. ஆகையால் அம்பு பாதிக்கு வருமுன்பே நிரப்பவேண்டும். பத்துக் கன்னிகைகள் கதையை நான் இவ்வளவு நடைமுறையாக ஒருநாளும் விளங்கிக்கொண்டதில்லை.

அந்த வீதியில் எதிரே வருவது பெரும்பாலும் ரோட் ட்ரெயின். ஒரு லொறி, அதன் பின்னால் மூன்று பெட்டிகள், மொத்தம் 53.5 மீற்றர் வரை நீளம். அது கடந்து போகும்போது காற்று முதலில் உங்களைத் தள்ளும், பிறகு இழுக்கும். ஸ்ரியறிங்கை இறுக்கிப் பிடித்து நேரே போகவேண்டும், அவ்வளவுதான். எங்களிடம் சின்ன வானொலிக் கருவி ஒன்று இருந்தது. லொறிக்காரர் 40ஆம் அலைவரிசையில் பேசுவார்கள், கரவன்காரர் 18இல். பின்னால் வந்த லொறி ஓட்டுநர் ஒருவர், தான் முந்தப்போவதாகவும் நாங்கள் ஒரே வேகத்தில் போகும்படியும் அதில் சொன்னார். முந்தியதும் என் மகன் "தாங்க் யூ, அங்கிள்" என்று தமிழ்ப் பிள்ளையாகப் பதில் சொன்னான். அந்தப் பக்கத்தில் ஒரு நிமிடம் சிரிப்புச் சத்தம்தான் கேட்டது.

நாலு மணிச் சட்டத்துக்குக் காரணம் கங்காரு. பொழுது சாயும் நேரமும் விடியும் நேரமும் அவை வீதிக்கு வரும். எமுவும் மாடும்கூட வரும். இரவில் வேலி இல்லாத அந்த வீதியில் ஓடுவது புத்தியல்ல. அடிபட்டுக் கிடந்தவற்றின் மேல் ஆப்புவால் கழுகுகள் இருந்தன. வாகனம் கிட்ட வரும்வரை அவை எழும்பாது, எழும்பினாலும் மெதுவாகத்தான்.

கூபர் பீடியில் ஒரு இரவு. பிள்ளைகளே, 1915இல் அங்கே ஓப்பல் கல்லைக் கண்டெடுத்தவன் வில்லி ஹட்சிசன் என்ற பதினான்கு வயதுப் பையன். பெரியவர்கள் பொன் தேடி வந்தார்கள், பொன் கிடைக்கவில்லை. பையன் கண்டது வேறு. கோடையில் 40 பாகைக்கு மேல் எரிவதால் அங்கே பலர் நிலத்துக்குக் கீழே குடைந்த வீடுகளில் இருக்கிறார்கள். ஆலயங்களும் நிலத்துக்குக் கீழேதான். அவற்றில் ஒன்றான சேர்பிய மரபுவழி ஆலயம் எலியா தீர்க்கதரிசியின் பெயரைக் கொண்டது. குகைக்குள் ஒளித்திருந்து மெல்லிய சத்தத்தில் தேவனைக் கேட்டவருடைய பெயரைக் குகை ஆலயத்துக்கு வைத்திருக்கிறார்கள். திரும்பி வரும்போது ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு இந்த ஊரில் நிற்பது என்று அன்றே முடிவு செய்தோம்.

யூலை மாதத்தில் பகல் இளஞ்சூடு. இரவில் சில வேளை பூச்சியத்துக்குக் கீழே போகும். கரவன் தாங்கியில் 90 லீற்றர் தண்ணீர், ஐந்து பேருக்கு. "ஒரு வாளித் தண்ணீர்ல நான் குளிச்சு, உடுப்புத் தோச்சு, மிச்சத்தை வாழைக்கு ஊத்தினனான்" என்று அம்மா சொன்னது அங்கே வெறும் பழங்கதையாக இருக்கவில்லை. மூன்றாம் நாளிலிருந்து தண்ணீர்ப் பொறுப்பு முழுவதும் அவவிடம் போய்விட்டது. நான் பிசகியது ஒரே ஒரு காலை. குளிர்ப்பெட்டியின் கொக்கியைப் போட மறந்து புறப்பட்டேன். அடுத்த நிறுத்தத்தில் கதவைத் திறந்தால் பன்னிரண்டு முட்டையும் சொதியும் தரையில். அரைநாள் அங்கேயே கழிந்தது. ஒருவரும் என்னைப் பேசவில்லை. அதுதான் கூடச் சுட்டது.

இரவில் வெளியே பாய் விரித்துப் படுத்தோம். தென்சிலுவையை எங்களுக்குத் தெரியும். அதன் பக்கத்தில் உள்ள கரிய திட்டைத் தலையாகவும், பால்வீதி நெடுகப் போகும் இருட்டை உடலாகவும் வைத்து இந்த நாட்டின் ஆதிக்குடிகள் பலர் அதை ஒரு எமுவாகப் பார்க்கிறார்கள். நாம் வெளிச்சப் புள்ளிகளை இணைத்து உருவம் தேடுகிறோம், அவர்கள் இருட்டிலும் உருவத்தைக் கண்டார்கள். ஒருமுறை கண்ட பிறகு என் மகளால் அதைக் காணாமல் இருக்க முடியவில்லை.

உலுறுவுக்குப் போனபோது என் மனதில் இருந்த ஒரு பழக்கம் கொஞ்சம் அசைந்தது. நாம் ஜெபத்திலும் பிரசங்கத்திலும் வனாந்தரம் என்ற சொல்லை எப்படிப் பாவிக்கிறோம்? வெறுமை, சோதனை, கடந்து போகவேண்டிய இடம். ஆனால் அனங்கு மக்களுக்கு அது வீடு. பல்லாயிரம் ஆண்டுகளாக வீடு. 348 மீற்றர் உயரமான அந்தப் பாறை 1985 ஒக்டோபர் 26இல் அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டது. அதே திகதியில் 2019இல் அதன்மேல் ஏறுவது நிறுத்தப்பட்டது. நாங்கள் அடிவாரத்தைச் சுற்றிப் பத்துக் கிலோமீற்றர் நடந்தோம், அம்மா பாதி தூரம். சில இடங்களில் படம் எடுக்கவேண்டாம் என்று எழுதியிருந்தது. படமெடுக்காமல் நடந்தோம். என் சின்னவன் எல்லோருக்கும் பின்னால் வந்தான்.

பிறகு அலிஸ் ஸ்பிறிங்ஸ். இப்போது பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். காணிக்கைப் பையில் போடுவதற்கு 20 டொலர் தாள் வைத்திருந்தால் வெளியே எடுத்துப் பாருங்கள். போடாமல் விடுவதற்கல்ல, பார்ப்பதற்கு! அதில் இருப்பவர் ஜோன் பிளின், ஒரு போதகர். 1912இல் பிரஸ்பிற்றேரியன் சபையின் உள்நாட்டு ஊழியத்தை ஆரம்பித்தவர்.

அவர் காலத்தில் இந்த உள்நாட்டில் வருத்தம் வந்தால் எப்படி இருந்தது? 1917இல் மேற்கு அவுஸ்திரேலியாவில் ஜிம்மி டார்சி என்ற மாடு மேய்ப்பவர் விழுந்து உள்ளே காயப்பட்டார். ஹோல்ஸ் கிறீக் என்ற ஊருக்குக் கொண்டுவந்தார்கள். வைத்தியர் இல்லை. பேர்த் நகரத்தில் இருந்த ஒரு வைத்தியர் தந்தியில் ஒவ்வொரு வசனமாகச் சொல்லச் சொல்ல, தபால் அதிபர் ஒரு பேனாக்கத்தியால் சத்திரசிகிச்சை செய்தார். வைத்தியர் கப்பலிலும் காரிலும் குதிரையிலுமாக வந்து சேர்ந்தபோது டார்சி ஒரு நாள் முன்னதாக இறந்துவிட்டிருந்தார். சத்திரசிகிச்சை பிழைக்கவில்லை, மலேரியா கொன்றுவிட்டது. ஹேர்மான்ஸ்பேர்க் லுதரன் ஊழியத்தில் இருந்து அரண்ட மொழியில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்த கார்ல் ஸ்ரேலோவும் 1922இல் வைத்தியரைத் தேடித் தெற்கே கொண்டுபோகப்படும் வழியில்தான் இறந்தார்.

இளம் விமானப்படை வீரர் கிளிபர்ட் பீல் ஆகாய விமானத்தில் வைத்தியரை அனுப்பலாமே என்று 1917இல் பிளினுக்குக் கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டு அவர் போரில் மடிந்தார். பிளின் அந்தக் கடிதத்தை விடவில்லை. 1928 மே 17இல் குயின்ஸ்லாந்தின் குளொன்கறியிலிருந்து முதலாவது விமானம் புறப்பட்டது. அதுதான் இன்றைய பறக்கும் வைத்தியர் சேவை. ஆனால் பண்ணையில் இருப்பவர் வைத்தியரைக் கூப்பிடுவது எப்படி? மின்சாரம் இல்லையே. அதற்கு விடை கண்டவர் நம்முடைய அடிலெயிட்டைச் சேர்ந்த அல்பிரெட் றேகர். சைக்கிள் மிதியைக் காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கும் வானொலியை 1929இல் கொடுத்தார்.

அந்த மிதிவானொலியைக் கண்ணாடிக்குப் பின்னால் கண்டதும் அம்மா சத்தமாகச் சிரித்தா. தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி டைனமோவில் செய்தி கேட்டவர்கள் இங்கேயும் பலர் இருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் சுற்றியது நான்தான். கை ஓய்ந்தால் செய்தி நிற்கும். மானிப்பாயில் வைத்தியர் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே நம்மவர்களுக்குத் தமிழில் மருத்துவம் படிப்பித்ததைப் பற்றியும் அம்மா பிள்ளைகளுக்கு அங்கே சொன்னா. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரத் தம்பதி ஒன்றும் விளங்காமலே தலையாட்டிக் கேட்டார்கள்.

பிளின் 1951இல் இறந்தார். ஊருக்கு மேற்கே சில கிலோமீற்றரில் அவரது கல்லறை. அதன்மேல் பெரிய உருண்டைப் பாறை ஒன்று இருக்கிறது. ஆனால் 1952இல் முதலில் வைத்தது இந்தப் பாறை அல்ல. ஏறத்தாழ 400 கிலோமீற்றர் வடக்கே கார்லு கார்லு என்ற இடத்திலிருந்து ஒரு பாறையைப் பெயர்த்துக்கொண்டு வந்து வைத்தார்கள். அன்பினால் செய்தார்கள், மரியாதைக்காகச் செய்தார்கள். அந்த இடம் அங்குள்ள மக்களுக்குப் பரிசுத்தமானது என்பதையோ, அவர்களிடம் கேட்கவேண்டும் என்பதையோ அவர்கள் நினைக்கவில்லை. அந்த மக்கள் பல ஆண்டுகளாகத் திருப்பிக் கேட்டார்கள். கடைசியில் 1999இல் அந்தப் பாறை அதன் இடத்துக்கே கொண்டுபோகப்பட்டது. அலிஸ் ஸ்பிறிங்ஸின் அரண்ட மக்கள் தங்கள் நிலத்திலிருந்து வேறொரு பாறையை, தாங்களாகவே, அந்தப் போதகரின் கல்லறைக்குக் கொடுத்தார்கள். இப்போது இருப்பது அது.

இதை நான் கல்லறைக்குப் பக்கத்தில் நின்று பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தினேன். ஒரு நல்ல பாடம் சொன்ன திருப்தி எனக்கு. அன்றிரவு சின்னவன் சாப்பிடவில்லை. படுக்கப்போகும்போது காலுறைக்குள்ளிருந்து ஒன்றை எடுத்து மேசையில் வைத்தான். புளியங்கொட்டையை விடக் கொஞ்சம் பெரிது. சிவப்புக் கல். உலுறுவில் எடுத்தது.

முதலில் என் வாயில் வந்தது தபால். உலகமெங்கும் இருந்து மக்கள் அப்படி எடுத்த கற்களை மன்னிப்புக் கடிதத்தோடு அந்தப் பூங்காவுக்குத் தபாலில் அனுப்புகிறார்கள். எனக்கு அது தெரியும். எர்ள்டண்டா சந்தியில் திரும்பினால் உலுறு சுமார் 250 கிலோமீற்றர், போய்வர 500. ஒரு முழு நாள். செவ்வாய்க்கிழமை வேலை. கூபர் பீடி ஆராதனையும் போய்விடும். கணக்கு முழுவதும் என் பக்கம்தான் இருந்தது.

அம்மா மாத்திரைக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு நின்றா. "96இல நாங்கள் திரும்பிப் போகேக்க வீட்டில கதவில்லை, யன்னல் இல்லை, அம்மிக்கல்லும் இல்லை. உனக்கு ஞாபகம் இருக்கே?" என்று கேட்டா. எனக்கு அம்மி ஞாபகம் இல்லை. "ஒரு மாசத்துக்குப் பிறகு ஒரு பெடியன் அம்மியைச் சைக்கிளில கட்டி உருட்டிக்கொண்டு வந்தவன். பசியில வித்தவனாம். பிறகு வாங்கினவையிட்டயே போய்த் திருப்பி வாங்கினவனாம். படலையடியில நிண்டு அழுதவன். அவன்ர முகம் எனக்கு இண்டைக்கும் தெரியும்." அவ்வளவுதான் சொன்னா. மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டா.

அடுத்த நாள் எர்ள்டண்டாவில் கரவனைக் கழற்றி நிறுத்திவிட்டு நாங்கள் திரும்பிப் போனோம். நான் அவ்வளவு சந்தோஷமாகப் போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதல் நூறு கிலோமீற்றர் ஒருவரோடும் பேசவில்லை. பூங்காவின் பண்பாட்டு நிலையத்தில் ஒரு பெண் இருந்தா. மகன் தானே போய்க் கல்லை நீட்டி, எங்கே எடுத்தது என்பதையும் சொன்னான். அவ அவனைத் திட்டவுமில்லை, பாராட்டவுமில்லை. நடைபாதையின் வரைபடத்தை எடுத்து வைத்து, எந்த வளைவு என்று விரலால் காட்டச் சொன்னா. அவன் காட்டினான். அவ ஒரு தாளில் குறித்துக்கொண்டா. "எவ்வளவு தூரம் வந்தாய்?" என்று கேட்டா. "அலிஸ் ஸ்பிறிங்ஸிலிருந்து" என்றான். அவ அப்போதுதான் அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தா. வெளியே வந்ததும் அவனுக்குப் பசித்தது. அம்மா கட்டிக்கொண்டு வந்த பாணும் சம்பலும் முழுவதையும் அவன் ஒருவனே முடித்தான்.

ஞாயிறு காலையில் நாங்கள் கூபர் பீடிக்கு வெகு தூரத்தில், வீதியோரத் தரிப்பிடம் ஒன்றில் இருந்தோம். நிலத்துக்குக் கீழே உள்ள அந்த ஆலயங்களை நான் இன்னும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. கரவன் மேசையைச் சுற்றி ஐந்து பேர் ஜெபித்தோம். பாதியில் பக்கத்தில் நின்ற லொறி ஓட்டுநர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து கடைசிவரை வெளியே நின்றார். தமிழில் ஒரு சொல்லும் தெரியாதவர். பிறகு அம்மாவின் தேநீரைக் குடித்துவிட்டு, சீனி கூட என்று சொல்லிவிட்டுப் போனார். செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போகவில்லை. புதன்கிழமை போய் அதற்குரிய பேச்சை வாங்கிக்கொண்டேன்.

பிள்ளைகளே, கரவன் இன்றைக்கு மண்டபத்தின் பின்பக்க வாகனத் தரிப்பிடத்தில் நிற்கிறது. சாப்பாட்டுக்குப் பிறகு ஏறிப் பார்க்கலாம், ஒரே நேரத்தில் ஆறு பேர் மட்டும். இஸ்ரவேலர் ஏலிமில் கண்ட நீரூற்றுகள் எத்தனை, பேரீச்ச மரங்கள் எத்தனை என்று ஞாயிறு பாடசாலை ஆசிரியரிடம் சரியாகச் சொல்பவருக்கு முதல் இடம். மேல் கட்டிலில் குதிக்கவேண்டாம். கடைசியாக இறங்குகிறவர் குளிர்ப்பெட்டியின் கொக்கியை மறக்காமல் போட்டுவிட்டு வாருங்கள்.